வானொலியா, இரவல் ஒலிநூலா?

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும்போது எங்கள் வாகனத்தில் இரண்டு கட்சி. அம்மாவுக்கு வானொலி. ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் மச்சானுக்கு, அங்குள்ள நூலகத்தில் லிபி (Libby) என்ற செயலி வழியாக இரவல் எடுத்த ஒலிநூல்.

வானொலிக்கு ஆயத்தம் வேண்டாம். ஆனால் மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் காட்டுக்குள் வெறும் இரைச்சல்தான். ஒலிநூலை வீட்டிலேயே தரவிறக்கிவிட்டால் சிக்னல் தேவையில்லை. தவணை முடிந்ததும் அது தானே நூலகத்துக்குத் திரும்பிவிடும், தண்டப்பணம் கிடையாது. வாசிப்பின் வேகத்தையும் கூட்டலாம். மச்சான் கூட்டுவார், எனக்குப் பிடிக்காது.

மாடு குறுக்கே வந்து எல்லோரும் கத்தினால் கதை விட்டுப்போகும். 15 விநாடி பின்னே கொண்டுபோகும் பொத்தான் அதற்குத்தான். வானொலியில் தவறியது தவறியதுதான்.

என் வாக்கு ஒலிநூலுக்கே. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் மட்டும் அம்மாவை யாரும் வெல்ல முடியாது.