இலவச வழிகாட்டியோடு மூன்று வருடம்

துணிப்பை தைத்து மொத்தமாகக் கொடுக்கும் சின்னத் தொழில் என்னுடையது. என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஆர்டர் குவிந்து கிடந்தும் மாதக் கடைசியில் சம்பளம் போடக் காசில்லாமல் விழித்த ஒரு நாளில்தான், தொழில் அனுபவசாலிகள் காசு வாங்காமல் வழிகாட்டும் திட்டம் ஒன்றில் பெயரைக் கொடுத்தேன். சும்மா கிடைப்பதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற இளக்காரம் எனக்கும் இருந்தது. இத்தனைக்கும் இது புது ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் ஸ்கோர் என்ற அமைப்பு ஓய்வுபெற்ற நிர்வாகிகளை வைத்து 1964-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

முதலில் வந்தவர் சரிப்படவில்லை. பெரிய கம்பெனியில் இருந்தவர், நல்ல மனிதர். ஆனால் எதற்கெடுத்தாலும் "உங்க மார்க்கெட்டிங் டீம்கிட்ட சொல்லுங்க" என்பார். அந்த டீமே நான்தான். காசு வாங்காமல் வருகிறவரிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டே நான்கு மாதத்தை ஓட்டினேன். ஒருங்கிணைப்பாளரிடம் வாயைத் திறந்ததும் ஒரே வாரத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள்.

அடுத்தவர் சொந்தமாகப் பட்டறை நடத்தியவர். முதல் சந்திப்பில் அறிவுரையே இல்லை. "விலை எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார். அடக்க விலைக்கு மேல் 25 சதவீதம், பெரிய ஆர்டர் என்றால் 10 சதவீதம் தள்ளுபடி என்றேன். என் நோட்டை வாங்கி 100, 125, 112.50 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். "பத்து சதவீதம் குறைச்சதா நினைக்கிறீங்க. லாபத்துல பாதி போயிடுச்சு." அப்புறம் 100-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இதுல உங்க சம்பளம் எங்கே?" என்றார். எங்கேயும் இல்லை. இத்தனை வருடமும் நான் கூலி வாங்காத தொழிலாளி.

சம்பளத்துக்குக் காசில்லாமல் போன மர்மமும் அந்த நோட்டிலேயே அவிழ்ந்தது. துணிக்கு 15 நாளில் பணம் கட்டுகிறேன், பை வாங்குகிறவர்கள் எனக்கு 60 நாளில் தருகிறார்கள். ஆர்டர் கூடக் கூட அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் பணமும் கூடும். அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று அட்டவணை போடச் சொன்னார். பெரிய ஆர்டருக்குப் பாதி முன்பணம் கேட்க ஆரம்பித்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் சம்பளத் தேதி அதற்கப்புறம் தவறவில்லை.

அவர் சொன்னதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு உதவியது, மாதாமாதம் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "போன தடவை பேசினதைச் செஞ்சீங்களா?" வேலை செய்கிறவர்கள் முதலாளியிடம் இதைக் கேட்க மாட்டார்கள். வீட்டில் கேட்டால் சண்டை வரும்.

குறையும் உண்டு. இணைய விற்பனை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வரி, ஒப்பந்தம் என்றால் உரிய ஆளைப் பாருங்கள் என்று ஒதுங்கிவிடுவார், அது நியாயமும்தான். உடம்பு முடியாமல் இரண்டு மாதம் வராதபோது கேட்கவும் மனம் வரவில்லை.

போகிறவர்கள் கணக்கு நோட்டோடு போங்கள், இல்லாவிட்டால் அரட்டையாகத்தான் முடியும். வந்தவர் தன் பொருளை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் மட்டும் தயங்காமல் ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

எனக்கு அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை. அட்டவணையில் நான்கு வாரம் இன்னும் காலியாகக் கிடக்கிறது.