குகை டைவிங்குக்கு டேங்க் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

1,18,000 ரூபாய். சைடுமவுண்ட், அதாவது உடம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டும் காற்று டேங்க் செட் என்று சொல்லி ஓர் ஆன்லைன் டைவிங் சாமான் கடை என்னிடம் வாங்கிய தொகை. கோபம் அடங்கிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். கடலோர ஊரில் இருக்கும் கடை, புதிதும் பழையதும் விற்கிறது. வழக்குப் போடப் போவதால் பெயரைப் போடவில்லை. குகைக்கும் தனியாக இறங்குவதற்கும் எந்த டேங்க் அமைப்பு சரி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு டைவிங்கா என்று கேட்காதீர்கள். புதுச்சேரியில் கற்றவன் நான். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இருக்கும் செனோத்தே நீர்க்குகைகளில் முறையாகப் பயிற்சி எடுப்பது பல வருட ஆசை. அதற்குமுன் சைடுமவுண்ட் பழக வேண்டும். குகையில் தலைக்கு மேல் பாறை. காற்று நின்றுபோனால் மேலே ஏறித் தப்பிக்க முடியாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். தனியாகப் போனால் காற்று கொடுக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டேங்க், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, மூச்சுக்குக் காற்றைத் தரும் தனி ரெகுலேட்டர். ஒன்று போனாலும் மற்றது அப்படியே இருக்கும்.

இதை எனக்கு இன்னும் விளக்கமாகச் சொன்னவரே அந்தக் கடைக்காரர்தான். போனில் வெகுநேரம் பேசினார். "ஒத்தை டேங்க்கோட குகைக்குப் போகாதீங்க தம்பி" என்றார். மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொன்னார்: டேங்க்கில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று இருந்தால் 66 உள்ளே போக, 66 வெளியே வர, மிச்சம் ஆபத்துக்கு. அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1994-இல் மெக்சிகோவின் சகத்தோன் என்ற ஆழமான நீர்க்குழியில் இறந்ததைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. "அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படின்னா, நம்ம சாமான் சுத்தமா இருக்கணும் தம்பி." அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். உயிரின் மதிப்பு தெரிந்த மனிதர், இதில் விளையாட மாட்டார் என்று நினைத்தேன்.

இரண்டும் அலுமினியம் 80 என்ற வழக்கமான அளவு டேங்க், ஒன்றில் இடது வால்வு, மற்றதில் வலது வால்வு, போன வருடம்தான் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் டேங்க்கின் பலத்தைப் பார்ப்பது) முடிந்தது என்றார். போட்டோவில் பளபளவென்று இரண்டு மஞ்சள் டேங்க். கழுத்தில் இருக்கும் முத்திரையைக் காட்டுங்கள் அண்ணா என்று கேட்டேன். "பார்சல் கட்டியாச்சு தம்பி, வந்ததும் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க, நான் இருக்கேன்" என்றார். 1,18,000 ரூபாயை அனுப்பினேன்.

லீ பஜார் பக்கம் லாரி பார்சல் ஆபீசில் போய் எடுத்து வந்து பிரித்தால், தனித்தனி டேங்க்கே இல்லை. முதுகில் மாட்டும் பழைய இரட்டை டேங்க், பட்டை போட்டு இறுக்கியது. மேலே இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவில் மூடும் வால்வு கிடையாது. அதாவது ஒரு பக்கம் கசிந்தால் இரண்டு டேங்க்கும் சேர்ந்து காலி. குகைக்குள் இதோடு போகிறவன் திரும்பி வருவதற்கு என்ன உத்தரவாதம்?

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் பெயின்டுக்கு அடியில் இருந்தது. கழுத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அமெரிக்க முத்திரை, தயாரித்த வருடம் 1986. கடைசி ஹைட்ரோ 2003. அந்தக் காலத்து அமெரிக்க அலுமினிய டேங்க் பலவும் 6351 என்ற கலவையில் செய்தவை. கழுத்துப் பகுதியில் மெதுவாக விரிசல் விழும். காற்று நிரப்பும்போதே இப்படிப்பட்டவை வெடித்திருக்கின்றன. அதனால்தான் 6061 கலவைக்கு மாறினார்கள். சேலத்தில் சிலிண்டர் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் காட்டினேன். "சார், பெசோ அனுமதியும் இல்லை, டெஸ்ட் தேதியும் தாண்டிப்போச்சு, முதல்ல இதை வெளியே எடுத்துட்டுப் போங்க" என்றார். பெசோ என்றால் சிலிண்டர்களுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "லாரிக்காரன் மாத்தியிருப்பான்". பிறகு "சைடுமவுண்ட்டா மாத்திக்கலாம் தம்பி, ரெண்டு வால்வு வாங்குங்க, நானே தர்றேன்". அதற்கும் தனிக் காசு! பிறகு "பெயின்டைச் சுரண்டிட்டீங்களே, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது". சுரண்டாமல் எப்படித் தேதி பார்ப்பது? கடைசியில் ஒரு பெண் எடுத்து, "சார் மீட்டிங்கில் இருக்கார், புகாரை மெயிலில் போடுங்க" என்றார். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும் என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஒரு வரி பதில்கூட வரவில்லை. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 1,18,000 ரூபாயும் போச்சு, மெக்சிகோ போக வைத்திருந்த வாய்ப்பும் தள்ளிப்போச்சு.

டேங்க் அமைப்பு பற்றி விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும். கழுத்து முத்திரையின் தெளிவான போட்டோ இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். 1990-க்கு முந்தைய அலுமினியம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரட்டை டேங்க் வாங்கினால் நடுவில் மூடும் வால்வு கட்டாயம். கூடவே மாட்டும் சின்ன போனி டேங்க் திறந்த கடலில் மேலே ஏறி வருவதற்கானது, குகைக்கு அதை நம்பாதீர்கள். அலுமினியம் காலியாகக் காலியாக மிதக்கும், எடைக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். இதெல்லாம் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் செய்கிற வேலையும் இல்லை. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். நான் செய்துவிட்டேன், அடுத்தது சேலம் நுகர்வோர் ஆணையம்.

இன்று காலை பார்த்தேன், அதே மஞ்சள் டேங்க் போட்டோ அவர்கள் பக்கத்தில் மறுபடியும் விற்பனைக்கு இருக்கிறது. விலை 1,05,000. "குகை டைவிங்குக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறார்கள்.