அரை நாள் அருவி ட்ரிப்: கைடுக்கு முழு மார்க், டைம்டேபிளுக்கு பாதிதான்

காட்டுக்குள்ள இருக்கற ஒரு அருவிக்கு அரை நாள் கைடட் ட்ரிப் புக் பண்ணி போய்ட்டு வந்தோம். கம்பெனி பேர் போடல, அவங்கள திட்டறதுக்காக எழுதல, அடுத்து புக் பண்றவங்க நாலு கேள்வி கேட்டுட்டு புக் பண்ணட்டும்னுதான்.

காலைல 6லருந்து 12 வரைன்னு போட்டிருந்தாங்க. ஆறு மணி நேரம், தாராளம்னு நெனச்சேன். அதுல பிக்கப்பும் டிராப்பும் அடக்கம்னு கண்ணுல படற மாதிரி எங்கயும் எழுதல. ஒவ்வொருத்தரா ஏத்திக்கிட்டு வண்டி கிளம்பவே 7.20, அப்புறம் ஒரு மணி நேர டிரைவ், நடக்க ஆரம்பிச்சப்ப 8.30. ஒரு பக்கம் 3 கிலோமீட்டர், ஏத்தம் சுமார் 250 மீட்டர். மலை ஏறறவங்க நெய்ஸ்மித் கணக்குன்னு ஒண்ணு சொல்வாங்க, 1892லருந்து இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி. அதுபடி எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகணும். ஆனா அது நிக்காம நல்லா நடக்கறவங்களுக்கு. வேரும் சேறுமா இருக்கற பாதைல ஆறு பேர் வரிசையா போறப்ப ஒருத்தர் ஷூ லேஸ் கட்ட குனிஞ்சா அஞ்சு பேரும் நிக்கணும், ஒன்றரை மணி ஆயிடுச்சு. அருவி கண்ணுல பட்டப்ப மணி 10. இறங்க ஒரு மணி, டிரைவ் ஒரு மணி, அதாவது அவங்க டைம்டேபிள்படி அருவிய பாத்த நிமிஷமே அப்படியே திரும்பி நடந்திருக்கணும்!

கைடு இத முன்னாடியே யோசிச்சிருந்தார். நடக்கறதுக்கு முன்னாலயே "எங்க இருந்தாலும் சரி, 10.40க்கு திரும்பறோம், அருவிக்கு போய் சேரலன்னாலும் திரும்பறோம்"னு சொல்லிட்டார். அப்ப கடுப்பா இருந்துச்சு, இப்ப யோசிச்சா அதுதான் சரி.

வழில ஒரு ஓடைய தாண்டணும். தாண்டறதுக்கு முன்னாடி அவர் ஒரு வெள்ளைக் கல்ல எடுத்து தண்ணி ஓரத்துல, ஈரம் முடியற இடத்துல சரியா வச்சார். என்னங்கன்னு கேட்டா, இங்க வெயில் அடிச்சாலும் மேல எங்கயாவது மழை பேஞ்சா தண்ணி திடீர்னு ஏறும், திரும்பி வரப்ப கல்லு முங்கியிருந்தா காலை வைக்காம கரையிலயே காத்திருக்கணும்னார். தண்ணி கலங்கறது, இலையும் குச்சியும் அடிச்சுட்டு வர்றது, சத்தம் கனமாகறது, இதுல எது நடந்தாலும் உடனே மேட்டுக்கு ஏறிடணுமாம். எங்க கல்லு வச்ச இடத்துலயே இருந்துச்சு, அத பாத்ததும் ஏனோ ஒரு நிம்மதி.

அருவிக்கு நேர் கீழ நிக்க யாரையும் விடல. மேலருந்து கல்லும் கிளையும் தண்ணியோட சேந்தே விழும், வர்றது தெரியாது. வெள்ளையா நுரை பொங்கற இடத்துலயும் இறங்கக்கூடாதுன்னார், அங்க தண்ணில காத்து கலந்திருக்கறதால உடம்பு சரியா மிதக்காது, நீச்சல் தெரிஞ்சவங்களும் திணறுவாங்க. எங்க குரூப்ல ஒருத்தர் பாறைலருந்து குதிக்கணும்னு அஞ்சு நிமிஷம் வாதாடினார் (அஞ்சு நிமிஷம், எங்க நாப்பதுலருந்து!). கடைசில கொஞ்சம் கீழ தள்ளி முழங்கால் அளவு தண்ணில எல்லாரும் உக்காந்தோம், அதுவே சொர்க்கமாத்தான் இருந்துச்சு.

இன்னும் ரெண்டு குறை. மெயில்ல "வசதியான உடை, ஷூ" அவ்ளோதான் சொன்னாங்க. நான் ஜீன்ஸ்ல போய்ட்டேன், நனைஞ்ச ஜீன்ஸோட 3 கிலோமீட்டர் இறங்கினது என் பாவம். அட்டையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்கு கணுக்கால்ல ஒண்ணு, கைடு பிடிச்சு இழுக்காம நகத்தால வாய்ப் பக்கமா தள்ளி எடுத்தார், வலியே இல்ல, ஆனா அது ரத்தம் உறையாம இருக்க ஏதோ விட்டுடுதாமே, சாக்ஸ் வீடு வர்ற வரைக்கும் சிவப்பு.

ஃபோன் நனையாம வைக்க அவங்க குடுத்த டிரை பேக்கும் (வாயை சுருட்டி மூடற, தண்ணி புகாத பை) ஓட்டை. நல்லவேளை, கைடு காத்தோட மூணு சுத்து சுருட்டி கிளிப் போட்டு அமுக்கிப் பாத்தார், ஓரத்துல உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு, வேற பேக் எடுத்துட்டு வந்தார். நீங்களும் அமுக்கிப் பாத்துட்டு ஃபோனை உள்ள போடுங்க.

திரும்பி வந்து எறங்கறப்ப 12.50. புக் பண்றதுக்கு முன்னாடி "அருவிகிட்ட எவ்ளோ நேரம் இருப்போம்"னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ட்ரிப் எவ்ளோ நேரம்னு கேக்காதீங்க. அப்புறம் பிக்கப் வேணாம், நடக்க ஆரம்பிக்கற இடத்துக்கே நேரா வந்துடறோம்னு ஒரு ஆப்ஷன் ஃபார்ம்ல கடைசில இருக்கு, நான் கவனிக்கவே இல்ல. அடுத்த தடவை அதுதான் டிக் பண்ணுவேன், அதே கைடு வந்தா. அஞ்சுக்கு மூணரை, அதுல மூணு அவருக்கு.