தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி ஹாலில் ஐந்து வருடம்

ஜூன் வந்தால் ஊரிலிருந்து யாராவது ஒருத்தர் போன் செய்துவிடுவார்கள். பையனுக்குச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைச்சிருக்கு, ஹாலில் விடலாமா, இல்லை வெளியில் ரூம் பார்க்கலாமா என்று. 2014 முதல் 2019 வரை இளங்கலை, முதுகலை இரண்டையும் தாமஸ் ஹாலில் இருந்துதான் படித்தேன். இடம் கிடைத்தால் ஹாலில் விடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே யாரும் ஹாஸ்டல் என்று சொல்வதில்லை, ஹால்தான். 1837-ல் தொடங்கிய கல்லூரி, ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் 1937-ல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு வந்தபோதே பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தது. சேலையூர், தாமஸ், ஹீபர் என்று ஆண்களுக்கு மூன்று. பெண்களுக்கு மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ். பழைய மாணவர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதல் கேள்வி "எந்த ஹால்?" என்பதுதான்.

நான் சங்கரன்கோவில் பக்கம். சேர்க்க வந்த அன்று அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வேதத்துல சேரச் சொல்லுவாங்களாடா?" ஐந்து வருடத்தில் ஒருவர்கூட மதம் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. முக்கியமான விருந்துகளில் சாப்பிடும் முன் ஜெபம் செய்வார்கள், எல்லோரும் எழுந்து நிற்போம், அவ்வளவுதான். திருநீறு பூசிக்கொண்டுதான் மெஸ்ஸுக்குப் போவேன். டிசம்பரில் கரோல் பாட ஆள் சேர்த்தபோது நானாகப் போய் நின்றேன், எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்திருந்தன.

முதல் வருடம் ஆகஸ்டில் எனக்கு நல்ல காய்ச்சல். வகுப்புக்குப் போகாமல் படுத்துக் கிடந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பக்கத்து அறை சீனியர், நாகாலாந்துக்காரர், கதவைத் தட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தை இருக்கும். "தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, மெஸ்ஸில் சொல்லி எவர்சில்வர் டப்பாவில் ரசம் சாதம் குழைத்து வாங்கி வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. ராத்திரி காய்ச்சல் ஏறியதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். வெளியில் ரூம் எடுத்திருந்தால் அந்தக் கதவை யார் தட்டியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அப்புறம் அந்த மரங்கள். கல்லூரி வளாகம் சுமார் 365 ஏக்கர், முழுக்க மரம்தான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தக் காலத்தில் நட்டு வளர்த்தவை அதில் நிறைய உண்டு. விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே பார்த்தால் புள்ளிமான் நிற்கும். ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன் சத்தம் கேட்கிற தூரத்தில் மான்! 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மத்தியானம் முழுக்கக் காற்று ஊளையிட்டது, ஒவ்வொரு மரமாக முறிகிற சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் போய், போன் செத்து, வராந்தாவில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். மறுநாள் நடந்து பழகிய பாதையே தெரியவில்லை, வேரோடு சாய்ந்து கிடந்தன. கிளைகளை இழுத்துப் போட்டு வழி செய்தோம். பசங்க யாரும் பேசவே இல்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரை எடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

கஷ்டங்களும் உண்டு. காடு என்றால் கொசு இருக்கும், பாம்பும் இருக்கும். மே மாத வெக்கையில் ராத்திரி தூக்கம் பிடிக்காது. ரயில்வே ஸ்டேஷன் எதிரேதானே கேட் என்று நினைப்பீர்கள், ஆனால் கேட்டிலிருந்து ஹாலுக்கு நல்ல நடை, அரிசிப் பையும் பெட்டியுமாக வருகிற அன்று அது புரியும். தனியாக இருந்தே பழகிய பிள்ளைக்கு எந்நேரமும் ஆள் சூழ இருப்பது முதல் இரண்டு மாதம் ஒரு பாரமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு சரியாகிவிட்டது.

கல்லூரியில் சீட் கிடைத்தால் ஹாலிலும் தானாகக் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சேர்க்கைக்குப் போகும் அன்றே விசாரித்துவிடுங்கள். கொசுவலை, நல்ல டார்ச் லைட் இரண்டும் கட்டாயம். ஒரு பழைய சைக்கிள் இருந்தால் ரொம்ப நல்லது. எவர்சில்வர் டப்பா ஒன்றும் கொடுத்தனுப்புங்கள், பக்கத்து அறையில் யாருக்காவது காய்ச்சல் வரும்.