பிச்சாவரத்தில் மோட்டார் படகை விடுங்கள், துடுப்புப் படகில் ஏறுங்கள்

சிதம்பரம் பக்கத்தில், கடலோரச் சேற்றில் வளர்ந்து நிற்கும் பிச்சாவரம் காட்டுக்கு முன்பே இரண்டு முறை போயிருக்கிறேன். மோட்டார் படகில் ஒரு சுற்று, நாலு போட்டோ, அவ்வளவுதான். போன மாசம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்ச் சேர்ந்து, முதல் தடவையாகத் துடுப்புப் படகு எடுத்தோம். முதல் இரண்டு தடவையும் காட்டைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மோட்டார் படகு அகலமான நீர்வழியோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை மரங்களின் வேர்கள் இரண்டு பக்கமும் ஊன்றி நிற்கும் சந்துகளுக்குள், தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டிய இடத்துக்கெல்லாம் நுழையும். சத்தம் இல்லாததால் சேற்றில் நண்டு ஓடுவது வரை பார்க்கலாம். கிளையில் முருங்கைக்காய் மாதிரி தொங்குவது என்ன என்று மகள் கேட்டாள். காய் இல்லை, மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்று, அதுவே விழுந்து வேர் பிடிக்கும் என்று படகோட்டி சொன்னார். உள்ளூர் மீனவர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

"இதெல்லாம் தானா வளர்ந்த காடாண்ணே?" என்று சும்மாதான் கேட்டேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இது தானா வந்தது சார். அந்தாண்ட இருக்கிறது நாங்க வாய்க்கா வெட்டினப்புறம் வந்தது" என்று கை காட்டினார்.

அந்த வாய்க்கால் கதைக்காகவே இதை எழுதுகிறேன். பிரிட்டிஷ் காலத்தில் ஆரம்பித்து 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் விழ, மண் காய்ந்து அமுங்கித் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறி, கடைசியில் உப்பைத் தாங்கும் உமிரிச் செடி தவிர எதுவும் முளைக்காத தரையானது. பழி என்னவோ விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று சுற்றி இருந்த ஊர்க்காரர்கள் மேல்தான் விழுந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்து, சிக்கல் தேங்கிய தண்ணீரில் இருக்கிறது என்று கண்டது. அப்புறம் வனத்துறையும் கிராமக் குழுக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்து போக வழி செய்து, கரைச் சரிவில் நாற்று நட்டார்கள். வெட்டியதோடு வேலை முடியவில்லை. வண்டல் சேரச் சேரத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், அதையும் ஊர்க்காரர்கள்தான் செய்தார்கள். படகோட்டி இளவயதில் இடுப்பளவு சேற்றில் நின்று வாரியவராம். இறால்களைக் கையாலேயே தடவிப் பிடிக்கும் எம்.ஜி.ஆர். நகர் இருளர்களும் இந்த வேலையில் இருந்தார்கள்.

ஒரு யோசனை: கிளம்பும் முன் போனில் செயற்கைக்கோள் படத்தில் பிச்சாவரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படகிலிருந்து சரியாகப் பிடிபடாத அந்த முள் வரிசை மேலிருந்து அச்சு அசலாகத் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் மனுஷன் கையா?" என்று ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தரவே இல்லை.

சுனாமியைப் பற்றியும் கேளுங்கள், ஆனால் பார்த்துக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காட்டின் மறைவு இல்லாமல் கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டில் உயிர்கள் போயின. அதைச் சொல்லும்போது எங்கள் படகோட்டியின் குரல் இறங்கிவிட்டது, நாங்களும் மேலே கேட்கவில்லை.

தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இங்கேதான் நிற்கிறது, ஆனால் தொட வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பறவைகள் வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பஸ் இருக்கிறது. தொப்பி கட்டாயம், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரை மதிப்பெண் குறைத்தது நம்மைப் போல வந்து போகிறவர்களுக்காக. 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காட்டில், அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களுக்கு நடுவே சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் சிக்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. படகோட்டி பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் காலடியில் போட்டுக்கொண்டு வந்தார். கரை சேர்வதற்குள் அங்கே ஒரு சின்னக் குவியல் சேர்ந்திருந்தது.