மித்ரோவிச், விலாஹோவிச், யோவிச்: யார் போன பாதை சரி?

செர்பியக் கால்பந்தில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் தலையெடுத்தால், இருபது வயதுக்குள் வெளிநாட்டு கிளப் ஏதாவது ஒன்று கொத்திக்கொண்டு போய்விடும். பெல்கிரேடின் பெரிய கிளப்கள் பார்ட்டிசான், ரெட் ஸ்டார் இரண்டுமே பையன்களை வளர்த்து விற்றுத்தான் வண்டியை ஓட்டுகின்றன. ஆகவே யாராக இருந்தாலும் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும், எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதில்தான் தலையெழுத்து இருக்கிறது. அப்படிப் போன மூன்று பேரில் திறமை அதிகம் விலாஹோவிச்சுக்கு. ஆனால் யாருடைய கெரியர் நன்றாக அமைந்தது என்று கேட்டால் யோசிக்காமல் மித்ரோவிச் என்பேன். இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் நிறைய உண்டு என்பது தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் யோவிச், ஏனென்றால் அவர் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 2018-19ல் ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஆடி ஜெர்மன் லீகான புண்டஸ்லிகாவில் மட்டும் 17 கோல், அதில் டுசல்டார்ஃபுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து. உடனே 2019ல் ரியல் மாட்ரிட் 60 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. அங்கே அவர் இடத்தில் பென்சிமா உட்கார்ந்திருந்தார், அதுவும் தன் வாழ்நாளின் உச்சத்தில். ரியலுக்காக யோவிச் அடித்தது மொத்தமே மூன்று கோல். அப்புறம் இத்தாலியில் ஃபியோரென்டினா, மிலான், 2025ல் ஏதென்ஸின் ஏஇகே. கால் கெட்டுப்போகவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து வயது போனது.

விலாஹோவிச் விஷயம் அப்படி எளிதல்ல. பார்ட்டிசானுக்காக 16 வயதிலேயே இறங்கியவர், 2018ல் ஃபியோரென்டினா போனார். முதல் இரண்டு சீசனில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2020 நவம்பரில் பிரான்டெல்லி பயிற்சியாளராக வந்து, கோல் வராத வாரங்களிலும் இவரையே இறக்கிக்கொண்டிருந்தார், அதற்கப்புறம் கதவு திறந்த மாதிரி ஆனது. அந்த சீசனில் 21 கோல். 2021 காலண்டர் வருடத்தில் இத்தாலிய லீகான சீரி ஆவில் 33 கோல், முந்தைய வருடம் ரொனால்டோ அடித்த அதே எண்ணிக்கை. யுவென்டஸுக்கு எதிராகவே ஒரு பெனால்டியை, கீப்பர் பாய்ந்து விழட்டும் என்று விட்டு நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். 21 வயதுப் பையனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்.

2022 ஜனவரியில் அதே யுவென்டஸ் 70 மில்லியன் யூரோ கொடுத்தது. சாம்பியன்ஸ் லீகில் முதல் ஆட்டம், வில்லாரியல் மைதானம், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோல்! எல்லோருடைய எதிர்பார்ப்பும் ஆகாயத்துக்கு ஏறியது. ஆனால் பயிற்சியாளர் அலெக்ரியின் யுவென்டஸ் பின்னால் இறங்கி நின்று ஆடுகிற அணி. பந்து எப்போதாவது வரும், வரும்போது இவர் முதுகில் இரண்டு டிஃபெண்டர்கள். கூடவே இடுப்படி வலி வந்து வாட்டியது. அடுத்த மூன்று முழு சீசனின் லீக் கோல் கணக்கு 10, 16, 10 என்று போனது. 2024ல் அட்லாண்டாவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை (கோப்பா இத்தாலியா) ஃபைனலின் ஒரே கோல் இவருடையது, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஃபியோரென்டினாவின் ஊரான ஃப்ளோரன்ஸில் பார்த்த அந்த ஆளை யுவென்டஸின் ஊரான டூரினில் தொடர்ந்து பத்து வாரம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

சரி, மித்ரோவிச். 18 வயதில் ஆண்டர்லெக்ட், முதல் சீசனிலேயே பெல்ஜிய லீக் பட்டம். 2015ல் இங்கிலாந்தின் நியூகாஸில், அங்கே முதல் ஆட்டத்தில் களத்தில் இறங்கிய அரை நிமிடத்துக்குள் மஞ்சள் அட்டை, அதே மாதம் ஆர்சனலுக்கு எதிராகச் சிவப்பு அட்டை, சீசன் முடிவில் அணியே கீழே இறங்கியது. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2018 தொடக்கத்தில் ஃபுல்ஹாமுக்கு, அதாவது இரண்டாம் டிவிஷனுக்கு, லோனில் போனார். பல பேர் அவமானமாக நினைக்கிற இறக்கம் அது. 17 லீக் ஆட்டத்தில் 12 கோல் அடித்து அணியை பிரீமியர் லீகுக்கு ஏற்றினார்.

அங்கேதான் அவருக்கு வீடு கிடைத்தது. பிறகு வந்த ஐந்து சீசனின் லீக் கோல்கள் 11, 26, 3, 43, 14. அந்த 43, இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பின் ரெக்கார்ட். அதற்கு முந்தைய ரெக்கார்ட் 31தான்! பயிற்சியாளர் மார்கோ சில்வா அந்த வருடம் மொத்த அணியையும் இவருக்குப் பந்து போய்ச் சேரும்படி அமைத்திருந்தார்: இரண்டு பக்கமிருந்தும் கிராஸ், நடுவில் தோளால் இடம் பிடித்து நிற்கும் ஒரு மாடு மாதிரி மனிதர். நடுவில் இருக்கும் அந்த 3 பிரீமியர் லீகில் வந்தது, அதை மறைக்க மாட்டேன். "பெரிய லீகில் ஆட மாட்டார்" என்பவர்களின் ஆயுதமே அதுதான். ஆனால் கடைசி 14ம் அதே பிரீமியர் லீகில், வெறும் 24 ஆட்டத்தில் வந்தது, அதுவும் நடுவரைத் தள்ளியதற்கு எட்டு ஆட்டத் தடை வாங்கிய சீசனில். அந்தத் தள்ளல் தப்பு, தண்டனை சரி.

2023ல் சவூதி கிளப்பான அல் ஹிலாலுக்குப் போனது பணத்துக்காக என்பார்கள். இருக்கலாம். போன முதல் சீசனில் 28 லீக் கோல், அணி ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

தேசிய அணியில்தான் மூவரின் வித்தியாசம் எனக்கு முழுதாகத் தெரிகிறது. 2020 நவம்பர் 12, பெல்கிரேட், யூரோ கோப்பைக்குத் தகுதி பெறும் பிளே-ஆஃப் ஆட்டம், எதிரணி ஸ்காட்லாந்து. 90வது நிமிடத்தில் யோவிச் தலையால் அடித்துச் சமன் செய்கிறார். பெனால்டி வரை போகிறது, கடைசி பெனால்டி மித்ரோவிச்சுடையது, கீப்பர் மார்ஷல் தடுத்துவிடுகிறார். செர்பியா வெளியே. அந்த சீசன்தான் ஃபுல்ஹாமில் அவர் 3 கோல் அடித்த சீசன்.

அடுத்தது லிஸ்பன். உலகக் கோப்பைக்குப் போக போர்ச்சுகலுக்கு டிரா போதும், செர்பியா ஜெயித்தே ஆக வேண்டும், 1-1ல் நிற்கிறது. இடைவேளைக்குப் பிறகு இறக்கப்பட்ட மித்ரோவிச், சக வீரர் டாடிச் வலது பக்கமிருந்து கிராஸ் தூக்கும்போது கூட்டத்தை விட்டு விலகித் தூரக் கம்பத்தை நோக்கி நகர்கிறார். 90வது நிமிடம், தலை, வலை. தேதி 2021 நவம்பர் 14, அந்தப் பெனால்டி போய்ச் சரியாக ஒரு வருடம் இரண்டு நாள்.