மாதிரி விமானத்தின் பிரஷ்லெஸ் மோட்டார், சிஎன்சி மில்லின் ஸ்பிண்டிலில்

கணினி வழிநடத்தும் 3018 வகைச் சிறிய சிஎன்சி வெட்டும் இயந்திரங்களுடன், ஸ்பிண்டிலை (வெட்டுக்கருவியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) ஓட்ட வரும் 775 மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். அலுமினியத்தைச் சற்று ஆழமாக வெட்டினால் சுழற்சி வேகமும் விழுந்துவிடும். அதை அகற்றிவிட்டு, மாதிரி விமானங்களுக்கான 500 கேவி அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும் பிரஷ்லெஸ் மோட்டார்) ஒன்றை 24 வோல்ட்டில் ஓட்டி, சில ஆண்டுகளாகப் பித்தளையிலும் அலுமினியத்திலும் வேலை செய்துவருகிறேன்.

சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதையே இங்கே கேவி குறிக்கிறது, கிலோவோல்ட்டை அல்ல. எனவே இந்த மோட்டாரின் உச்ச வேகம் ஏறத்தாழ 12,000. கேவி கூடக் கூட, ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். 500 கேவியில் அது 0.019 நியூட்டன் மீட்டர். 1,000 கேவியில் அதில் பாதிதான். உலோகம் வெட்டுவதற்குக் குறைந்த கேவியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கருவியைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டை மோட்டாரின் தண்டிலேயே பொருத்தலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். மோட்டாரின் சிறிய பேரிங்குகள் எண்ட்மில் எனும் வெட்டுக்கருவியின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதற்கானவை அல்ல. ஆகவே ஈஆர்11 அளவுக் கொலெட் கொண்ட தண்டை, பக்கவாட்டு அழுத்தத்தையும் அச்சுவழி அழுத்தத்தையும் தாங்கும் இரண்டு ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளில் தனியாக நிறுத்தி, மோட்டாரைப் பக்கத்தில் வைத்து ஜிடி2 வகைப் பல் பெல்ட்டால் இணைத்திருக்கிறேன். பெல்ட்டின் இரைச்சல் கூடுதல்தான். ஆனால் வெட்டும் விசை எதுவும் மோட்டாரின் பேரிங்குகளுக்குச் செல்வதில்லை.

மோட்டாரைவிட அதை இயக்கும் இஎஸ்சியை (மின்னணு வேகக் கட்டுப்படுத்தி) தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஹெலிகாப்டர்களுக்கான இஎஸ்சிகளில் உள்ள கவர்னர் முறை, சுமை ஏறும்போது தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டி வேகத்தை நிலையாக வைத்திருக்கும். இரண்டு பற்கள் கொண்ட 3 மில்லிமீட்டர் எண்ட்மில் 10,000 சுற்றில், நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு பல்லும் 0.02 மில்லிமீட்டர் சீவுகிறது. வேகம் 7,000-க்கு இறங்கினால் அதுவே 0.029 ஆகிவிடும், மெல்லிய கருவி முறியும். கவர்னர் முறைக்கு மாறிய பிறகு வெட்டிய பரப்பின் வழவழப்பே வேறாக இருக்கிறது. சென்சார் இல்லாத இஎஸ்சிகள், சுழலும் காந்தம் சுருளில் உண்டாக்கும் மின்னழுத்தத்தைக் கொண்டே அதன் நிலையை அறிவதால், மிகக் குறைந்த வேகத்தில் மோட்டார் திக்கும். மெதுவாகத் துளையிடும் வேலைகளுக்கு இந்த அமைப்பு உதவாது.

இஎஸ்சி எதிர்பார்ப்பது 1 முதல் 2 மில்லிவினாடி வரையிலான சர்வோ துடிப்பு; அதன் நீளமே வேகத்தைச் சொல்லும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடும் பலகையின் ஸ்பிண்டில் சமிக்ஞை அந்த வடிவில் இல்லாததால், இடையில் ஒரு சிறிய ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் மின்னணுப் பலகை) அதை மாற்றித் தருகிறது. இஎஸ்சியின் பிரேக் வசதியைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும்: நிற்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் ஆற்றலை பேட்டரி ஏற்றுக்கொள்ளும், சாதாரண மின்வழங்கியோ ஏற்காது.

விமானத்தில் ப்ரொப்பெல்லரின் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது. இங்கே அதற்கும் இஎஸ்சிக்கும் தனித்தனி மின்விசிறி தேவை. எஃகை இந்த இயந்திரத்தில் நான் வெட்டுவதில்லை, ஏனெனில் அதன் பொடியை அவுட்ரன்னரின் காந்தங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசர நிறுத்தப் பொத்தான் சமிக்ஞையை மட்டுமல்லாமல், இஎஸ்சிக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்கும்படி அமைக்க வேண்டும்.